முத்துமேகத்தின் அளவு

ஸ்டெல்லா கொரைராவின் இடது கையில் இரண்டு விரல்களின் நுனியை வெட்டி எடுத்தவன் நான்தான். மருத்துவனாக எத்தனையோ பேருக்குக் கத்தி வைத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை மறந்தும் போயின. இந்த இரண்டு விரல்கள் மட்டும் மறக்கவில்லை. அவை ஏன் போயின என்று சொன்னால்தான் ஸ்டெல்லா யார் என்பது புரியும்.

அப்போது குளிர்த்திரை வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. விமானங்கள் மழைமேகங்களுக்கெல்லாம் வெகு மேலே ஏறி, மாவைவிட நைசான ஒரு தூளைத் தூவிவிட்டு வரும். அந்தத் தூள் காற்றோடு உலகம் முழுக்கப் பரவி, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வானத்தின் நீலம் கொஞ்சம் பால் கலந்ததுபோல வெளிறிப்போனது. அதற்குப் பதிலாக மே மாதத்தில் ஆட்கள் சுருண்டு விழுவது நின்றது. என் சொந்த ஊர் காயல்பட்டினம். திரை வருவதற்கு முந்தைய கோடையில் திருச்செந்தூர் அரசு மருத்துவமனையில் பணியில் இருந்தேன். கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்துக் கிடத்தினோம். கிடத்தியவர்களில் பலர் எழுந்திருக்கவில்லை. அதை நேரில் பார்த்தவன் குளிர்த்திரையைக் குறை சொல்லமாட்டான்.

ஸ்டெல்லாவும் குறை சொன்னவரில்லை. தூத்துக்குடிக்காரர். அவருடைய தங்கை ஜெசிந்தா, வேப்பலோடை உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் செவிலியர். தங்கை கணவர் சந்தியாகு உப்பு மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தார். நான் சொன்ன அதே கோடையில் அளத்திலேயே விழுந்து இறந்துபோனார். வளிமண்டலவியல் படித்த ஸ்டெல்லா அந்த வருடமே, பல நாடுகள் சேர்ந்து திரையை நடத்துகிற குளிர்த்திரைக் கழகத்தில் சேர்ந்தார்.

ஆனால் அவர் சேர்ந்தது தூள் தூவுகிற பிரிவில் இல்லை. தூவிய தூள் என்ன செய்கிறது என்று கண்காணிக்கிற பிரிவில்.

நாங்கள் சந்தித்தது அண்டார்டிகாவில். கழகம் பனிக்கண்டத்தின் விளிம்பில் ஒரு நிலையம் நடத்தியது. குளிர்காலம் முழுக்க அங்கே தங்கவேண்டும். கப்பலும் வராது, விமானமும் வராது. பல நாட்டு ஆட்களில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும். நான் நிலைய மருத்துவர். பெயர் நூருல் அமீன். அவர் என்னை "டாக்டரே" என்பார். நான் அவரை "ஸ்டெல்லா" என்றே கூப்பிட்டுப் பழகினேன். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

அவருடைய வேலை முத்துமேகங்களை அளப்பது. அந்தப் பெயர் அவர் வைத்ததுதான். ஜூலைக் கடைசியில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரையும் வெளியே வரச்சொன்னார். சூரியன் எழாத நாட்கள். நடுப்பகலிலும் வடக்கு விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு மட்டும்தான் தெரியும். அன்று அந்தக் கோட்டுக்கு மேலே, உச்சி வானத்தில், மேகங்கள் பற்றி எரிவதுபோல நின்றன. ஓரத்தில் ரோஜா நிறம், உள்ளே பச்சை, நடுவில் வெள்ளி. கொஞ்சம் கழுத்தைத் திருப்பினால் நிறம் மாறியது.

"சிப்பிய உடைச்சா உள்பக்கம் மினுங்கும்லா, அப்படி இருக்கு" என்றார் ஸ்டெல்லா.

"அழகா இருக்கு" என்றேன்.

"அழகுதான். நம்ம மேகம் மாதிரி இது மழை தராது டாக்டரே. இருபது கிலோமீட்டர் ஒசரத்துல, எம்பது டிகிரி மைனஸ்ல உண்டாகுது. தண்ணியும் அமிலமும் சேர்ந்து உறைஞ்ச படிகம். பழைய காலத்து பிரிட்ஜுல இருந்தும் ஏசில இருந்தும் கசிஞ்ச குளோரின் இன்னும் கொஞ்சம் மேல மிச்சம் இருக்கு. அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டு இருக்கும். இந்தப் படிகத்து மேல வந்து உக்காந்துச்சுன்னா முழிச்சுக்கிடும். சூரியன் திரும்பி வந்ததும் ஓசோனத் திங்க ஆரம்பிச்சுடும்."

"ஓசோன் ஓட்டை மூடிட்டு வருதுன்னுல்ல படிச்சோம்?"

"மூடிக்கிட்டுத்தான் வந்துச்சு. நாம தூளப் போடுற வரைக்கும்."

இதைச் சொன்னபோது எங்களுக்குப் பின்னால் எக்டர் மான்சில்லா நின்றிருந்தார். நிலையத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கிற புன்ட்டா அரேனாஸ்காரர். எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் மேகத்தைப் பார்த்த விதத்தில் அவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தது. அவருடைய ஊரில் ஆறேழு வருடமாக, அங்கே அக்டோபரில் வசந்தகாலம் வந்தால் பள்ளிக்கூடத்து மைதானத்தைப் பூட்டிவிடுகிறார்கள். ஓசோன் மெலிந்த வானத்தின் வழியே வருகிற கதிர் பத்து நிமிடத்தில் தோலைப் பொசுக்கிவிடும். ஆட்டு மந்தைகளில் பாதிக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. எக்டரின் தம்பிக்கும் விழுந்தது, மேய்க்கப்போனவர். எக்டருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். அக்டோபர் மாதத்து நடுப்பகல் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்ணுக்கு ஜன்னல் வழியாக மட்டுமே தெரியும்.

எங்கள் ஊர் ஆட்களைக் காப்பாற்றுகிற திரை, அவருடைய ஊர் ஆட்களின் கண்ணை எடுக்கிறதா? அந்த வருடம் கழகம் கேட்டிருந்த கேள்வி அதுதான். ஆமாம் என்றால், திரையை எவ்வளவு மெலிதாக்கவேண்டும்? செப்டம்பரில் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும். அதற்கு முன்னால் ஸ்டெல்லா ஓர் எண் சொல்லவேண்டும்.

ஸ்டெல்லாவிடம் லைடார் என்று ஒரு கருவி இருந்தது. கூரையில் ஒரு சின்னக் கதவு திறக்கும். அதன் வழியாகப் பச்சை ஒளி ஒன்று ஊசிபோல வானத்துக்குப் போகும். மேகத்தில் பட்டுத் திரும்பி வருகிற மினுக்கத்தை வைத்து, மேகம் எத்தனை உயரத்தில், எத்தனை அடர்த்தியில் இருக்கிறது, துளியா படிகமா என்றெல்லாம் சொல்லிவிடுவார். அந்தக் குளிர்காலத்தில் படிகங்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டன. நம் தூளைச் சுற்றித்தான் அவை உறைகின்றன என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

"பிறகென்ன, எண்ணச் சொல்லிடவேண்டியதுதானே?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

ஸ்டெல்லா சமையல்கட்டுக்குப் போய் இரண்டு கிண்ணத்தில் உப்பு கொண்டுவந்தார். ஒன்றில் கல்லுப்பு, ஒன்றில் தூளுப்பு.

"ரெண்டும் ஒரே எடை. தண்ணில போட்டா எது மொதல்ல கரையும்?"

"தூளு."

"ஏன்னா அதுல தண்ணி படுற மேல்பக்கம் ஜாஸ்தி. மேகமும் அப்படித்தான். மேல உள்ள படிகம் கல்லா இருந்துச்சுன்னா குளோரின் வந்து உக்கார எடம் கொஞ்சம்தான். திரை இப்படியே இருந்துட்டுப் போகலாம். தூளா இருந்துச்சுன்னா எடம் ஏராளம். பாதித் திரை வரைக்கும்கூடக் கழட்டச் சொல்லவேண்டியிருக்கும். மேகத்துல மொத்தம் எவ்வளவு சரக்கு இருக்குன்னு என் லைடாரு சொல்லிடும். கல்லா தூளான்னு உறுதியாச் சொல்லாது."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"உள்ள போய்ப் பாக்கணும்."

உள்ளே போய்ப் பார்ப்பது என்றால் பலூன். ஓர் ஆள் உயரப் பெட்டியில் படிகங்களை எண்ணி, அளவெடுத்து, ரேடியோவில் அனுப்புகிற கருவி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் போக இரண்டு பெரிய பலூன்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று ஜூன் மாதமே குளிரில் விறைத்து, ஏற்றும்போதே கிழிந்துபோனது. பாக்கி ஒன்று. அடுத்தது டிசம்பரில் கப்பலோடுதான் வரும். அதற்குள் சூரியன் வந்து மேகமெல்லாம் கலைந்திருக்கும்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் கழகத்தின் செயலர் வாசவன் செயற்கைக்கோள் தொலைபேசியில் வந்தார். ஸ்டெல்லாவுக்கு அன்று மாதாந்தரப் பரிசோதனை. என் அறையில் இருந்தார். பேச்சு எனக்கும் கேட்டது. வாசவன் கெட்டவர் இல்லை. குரலிலேயே களைப்பு தெரிந்தது.

"நான் எதையும் மாத்தச் சொல்லல ஸ்டெல்லா. உங்ககிட்ட இப்ப இருக்கறத அப்படியே கொடுங்க. ஒண்ணுமே குறைக்கவேண்டாம்னும் இருக்கலாம், பாதி குறைக்கணும்னும் இருக்கலாம், உறுதியா தெரியலைன்னு எழுதுங்க. அது உண்மைதானே? உறுதியா தெரியாத வரைக்கும் திரையில கை வைக்கமாட்டாங்க. அடுத்த மே தப்பிச்சிடும்."

"பலூன் ஒண்ணு இருக்கு சார்."

"தெரியும். ஆகஸ்டுல அங்க காத்து எப்படி அடிக்கும்னும் தெரியும். விட முடியலைன்னு நீங்க சொன்னா இங்க யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க."

அவர் வைத்ததும் ஸ்டெல்லா அதே தொலைபேசியில் ஜெசிந்தாவை அழைத்தார். வாரத்துக்கு ஒருமுறை அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வார்கள். அறையைவிட்டுப் போக எழுந்தேன். இருங்க என்று கையமர்த்தினார். ஜெசிந்தாவின் குரல் உரக்க இருந்தது.

"இந்த வருசமும் அளத்துல ஒருத்தரும் விழலக்கா! வெயிலுக்குன்னு வாங்கி வச்ச குளுக்கோஸ் பாட்டில் பூராம் தேதி முடிஞ்சுபோச்சு. நேத்துதான் எடுத்துத் தூரப்போட்டேன். உங்க ஆளுகளுக்கு ஒரு கும்பிடு போட்டுருன்னு இங்க பொம்பளைக சொல்லுதாவ."

"சரி, சொல்லிடுதேன்" என்றார் ஸ்டெல்லா. தொலைபேசியை வைத்தார்.

நானாகப் பேசினேன். "விட்டுருங்க ஸ்டெல்லா. வெளிய காத்தப் பாருங்க. பலூனும் பழசு. வாசவன் சொல்லுறதுல பொய் ஒண்ணும் இல்லயே."

"பொய் இல்ல."

"அப்புறம் என்ன?"

"எனக்குத் தெரியலன்னு சொல்லுறது ஒண்ணு டாக்டரே. தெரிஞ்சுக்கிட வழி இருந்தும் தெரிஞ்சுக்கிடாம, தெரியலன்னு சொல்லுறது வேற. ரெண்டுக்கும் வெளியில இருந்து பாத்தா வித்தியாசமே இருக்காது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"உங்க தங்கச்சிக்கு என்ன சொல்லுவீங்க?"

"அதுதான் எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது" என்றார். "கல்லாவே இருந்துட்டா நல்லது. நானும் மாதாகிட்ட அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா கேட்டுக்கிட்டே கண்ண மூடிக்கிட முடியாதுல்லா."

அந்த மனுஷியை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். தனக்கு வேண்டாத பதில் வரக்கூடும் என்று தெரிந்தே, யாரும் வற்புறுத்தாமல், கேள்வியைக் கேட்கப் போகிற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நோயாளிகளில் பலர் பரிசோதனை முடிவை வாங்க வராமலே இருந்துவிடுவார்கள். நானும் என் நெஞ்சுவலிக்கு இரண்டு வருடம் யாரிடமும் காட்டாமல் இருந்தவன்.

பலூனை வெளியே கொண்டுவர எக்டரின் உதவி வேண்டும். ஸ்டெல்லா அவரிடம் போய், ஆங்கிலத்தில், நேராகவே கேட்டார். "இத்தனை மாதமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். உங்கள் ஊருக்காக என்னிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன்?"

எக்டர் கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். "கேட்டிருந்தால், நீங்கள் சொல்லப்போகிற எண்ணில் என் பங்கும் கலந்துவிடும். அப்புறம் அதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பமாட்டேன்" என்றார். "எந்த நாளில் விடவேண்டும்? சொல்லுங்கள், வண்டியைத் தயார் செய்கிறேன்."

காற்று ஒரு வாரம் விடவே இல்லை. எட்டாம் நாள் காலையில் கொஞ்சம் தணிந்தது. அதற்கும் அடுத்த நாள் புயல் என்று வானிலை சொன்னது. லைடார் தலைக்குமேல் மேகம் கெட்டியாக நிற்கிறது என்று காட்டியது. ஸ்டெல்லா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

எக்டர் பனியில் ஓடுகிற பெரிய வண்டிகள் இரண்டை நிறுத்தி காற்றுக்கு மறைப்புக் கட்டினார். அதற்குள் பலூனில் வாயு ஏற்றினோம். ஒரு வீட்டு உயரத்துக்கு அது எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளையாக ஆடியது. கீழே நீளமான கயிறு. கயிற்றின் முனையில் கருவிப் பெட்டி. பெட்டியைத் தரையோடு பிடித்திருந்தது ஓர் எஃகுக் கொக்கி. ஸ்டெல்லா அதைத் தட்டிவிட்டால் எல்லாம் மேலே போகும்.

நடுப்பகல். வடக்கே சிவப்புக் கோடு. எக்டர் கையை அசைத்தார். ஸ்டெல்லா கொக்கியைத் தட்டினார்.

அது திறக்கவில்லை. உறைந்துபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்து காற்று திரும்பியது. பலூன் மறைப்பைத் தாண்டிப் பக்கவாட்டில் சாய்ந்து, பனித்தரையை உரசுகிற அளவுக்குத் தாழ்ந்தது. தரையில் ஒரு பனிக்கூர் பட்டால் போதும், முடிந்தது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஸ்டெல்லா இடது கை உறையைப் பல்லால் கடித்து உருவித் துப்பினார். உள்ளே போட்டிருந்த இரண்டாவது உறையையும் உருவினார். வெறுங்கையால் அந்த எஃகுக் கொக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கைச் சூட்டில் பனி இளகவேண்டும். அந்தக் குளிரில் உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அவருக்குத் தெரியாததா? நானே குளிர்காலத் தொடக்கத்தில் அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்திருக்கிறேன்.

கொக்கி 'டக்'கென்று விட்டது. பெட்டி தரையில் இரண்டுமுறை துள்ளி எழுந்து, எங்கள் தலைக்குமேல் போய், இருட்டில் கரைந்தது.

"போயிட்டு, போயிட்டு!" என்று ஸ்டெல்லா சின்னப்பெண் மாதிரி கூவினார். கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு உள்ளே ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

"கையக் காட்டுங்க."

"இருங்க டாக்டரே. மேகத்துக்குள்ள போகட்டும்."

"ஸ்டெல்லா, வெளையாடாதீங்க."

"கைய எடுத்துக்கிடுங்க. கண்ண மட்டும் விடுங்க."

ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். இடது கையைத் தண்ணீரில் வைத்தபடி வலது கையால் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். உறைந்த விரலில் உயிர் திரும்பும்போது வருகிற வலி, ஆம்பிளைகளைக் கதற வைக்கும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கணினித் திரையையே பார்த்தார். நடுவிரலும் மோதிரவிரலும் நுனியில் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. நிறம் திரும்பவே இல்லை. அவற்றைக் காப்பாற்ற முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பெட்டி மேகத்துக்குள் நுழைந்தது. கணினித் திரையில் கோடு ஏறத்தொடங்கியது. ஸ்டெல்லா மூச்சுவிடாமல் பார்த்தார். எனக்கு அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியாது. அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் அதில் ஆசை இருந்தது. பெட்டி ஏற ஏற, ஒரு வியப்பு. இதுவரை எந்த மனிதரும் பார்த்திராததைப் பார்க்கிற வியப்பு. "எவ்வளவு ஒழுங்கு பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரே அளவு" என்று முணுமுணுத்தார். அப்புறம் அந்த வியப்பு மெல்ல வடிந்தது.

பலூன் உச்சியில் போய் வெடித்தது. கோடு நின்றது.

"தூளுப்பு, டாக்டரே" என்றார்.

கதவருகே எக்டர் நின்றார். வார்த்தை புரியாவிட்டாலும் அவருக்கு விஷயம் எட்டியிருக்கும். அவருடைய மகளுக்கு நடுப்பகல் திரும்பக் கிடைக்கப்போகிறது. அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, ஸ்டெல்லாவின் தோளில் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, பாத்திரத்துத் தண்ணீர் ஆறிவிட்டதைத் தொட்டுப் பார்த்து, வெந்நீர் எடுக்கப் போனார்.

ஸ்டெல்லா சொன்ன எண், மூன்றில் ஒரு பங்கு. திரையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் முத்துமேகங்கள் பிந்தி வரும், சீக்கிரம் கலையும், தெற்கின் ஓசோன் பிழைக்கும். கூட்டத்தில் அவர் காணொளியில் பேசினார். விரல்களை வெட்டி எடுத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. கட்டுப்போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். யாரோ ஓர் உறுப்பினர், "நிச்சயமாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நிச்சயமாக."

"உங்கள் சொந்த நாட்டில் இதன் விளைவு என்ன என்று தெரியுமா?"

"சொந்த ஊரில் என்ன என்றே தெரியும்" என்றார். வாசவன் தலையைக் குனிந்துகொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

விளைவு வந்தது. அடுத்த மே மாதம், பத்து வருடத்துக்குப் பிறகு, வேப்பலோடையில் ஆட்கள் விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் பேச்சிக்கனி என்கிற பெண், ஜெசிந்தாவின் பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் சுவரொட்டி ஒட்டினார்கள். ஊருக்கே வெயிலைக் கொண்டுவந்தவள் என்று ஸ்டெல்லாவின் படத்தைப் போட்டு. நிலையத்திலிருந்து திரும்பி விடுமுறையில் இருந்த ஸ்டெல்லா சென்னையிலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இறந்த ஐந்து பேர் வீட்டுக்கும் போனார். மூன்று வீட்டில் வாசலிலேயே திட்டி அனுப்பினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. பேச்சிக்கனி வீட்டில் மட்டும் உட்காரச் சொன்னார்கள். யாருடனும் வாதாடவில்லை, கையைக் காட்டி இரக்கம் தேடவும் இல்லை. ஜெசிந்தா அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த அக்டோபரில் எக்டர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, பள்ளிக்கூட மைதானத்தின் பூட்டைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னார். ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லலாமா என்று என்னையே கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

அதன் பிறகு வந்த குளிர்காலத்துக்கு ஸ்டெல்லா மறுபடியும் தெற்கே போனார். எண் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் பார்த்தாகவேண்டும் இல்லையா? நான் ஊரோடு தங்கிவிட்டேன்.

அவர் தெற்கே இருந்த அந்த மே மாதம் வெயில் முந்தைய வருடத்தைவிடக் கடுமை. செய்தி கேட்டுப் பொறுக்காமல், வண்டி நிறைய மருந்தும் ஐஸ் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு நானாக வேப்பலோடைக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். அளத்து வரப்பில் இறங்கி நின்றேன். பாத்தி பாத்தியாக உப்பு பூத்துக் கண்ணைக் கூசியது. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஓர் ஆள் இல்லை. உப்பு வாருகிற பலகைகள் வரப்பிலேயே கிடந்தன. லாரி ஒன்று ஏற்றியது பாதியாக நின்றது. இத்தனை பேரையும் எங்கே கொண்டுபோனார்கள்? எந்த ஆஸ்பத்திரிக்கு?

ஓடாத குறையாக நடந்தேன். உப்புக்குவியலுக்கு அந்தப் பக்கம் திரும்பியதும், நீளமாக ஓலைக் கொட்டகைகள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே ஆணும் பெண்ணுமாக நூறு பேருக்குமேல், தலைக்குக் கையை வைத்துக்கொண்டு, ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ குறட்டை விடுகிற சத்தம். மண்பானைகளுக்குப் பக்கத்தில் செவிலியர் உடையில் ஒரு பெண் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் ஸ்டெல்லாவின் தங்கை என்று தெரிந்துவிட்டது. யார் என்று சொன்னேன்.

"மருந்தெல்லாம் வேண்டாம் டாக்டர். ஐஸ் இருந்தா குடுங்க" என்றார் ஜெசிந்தா. குரலைத் தாழ்த்திப் பேசினார், தூங்குகிறவர்களுக்காக. "இந்த வருசம் ஒருத்தரும் விழல."

"எப்படி?"

"பேச்சிக்கனி செத்ததுக்கு அப்புறம் ஒருத்தரும் அளத்துல கால் வைக்கல. விடிய முன்னாடி எறங்குவோம், வெயில் ஏறுனா கரையேறிடுவோம், சாயங்காலம் மறுபடி எறங்குவோம், கூலியக் கொறைக்கக்கூடாது, கொட்டகை போட்டுத் தரணும்னு சொன்னோம். மொதலாளிமாரு ஒத்துக்கிடல. உப்பு பூத்து பூத்து அப்படியே கெடந்துச்சு. மழை வந்தா கரைஞ்சுபோகும்லா? அப்புறம் ஒத்துக்கிட்டாவ." விசிறியை மடியில் வைத்தார். "மேல கொடை இருக்கு, மேல கொடை இருக்குன்னு ஒம்போது வருசம் கீழ ஒரு ஓலை போடல அவிய. நாங்களும் கேக்கல. எங்க வீட்டுக்காரரக் கொன்னது வெயிலுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன் டாக்டர். மதியம் ஒருமணிக்கு மூட்டை தூக்கச் சொன்னது வெயிலா?"

ஐஸ் பெட்டிகளை இறக்கிவைத்தேன். அவர் ஒரு பானையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு மூடினார்.

"அக்கா அந்த பலூன விடாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதாமே?" என்று கேட்டார், என்னைப் பார்க்காமல்.

"தெரிஞ்சிருக்காது."

"வெரலு ரெண்டு போச்சாமே. எங்கிட்ட சொல்லல."

"ஒருத்தர்ட்டயும் சொல்லல."

அவர் விசிறியை மறுபடி எடுத்துக்கொண்டார். கொட்டகைக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. "இந்த வருசத்துக் கணக்கு எப்போ சொல்லுவா?"

"ஆகஸ்டு, செப்டம்பர்ல."

"பேசுனீங்கன்னா சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் கொறைக்கணும்னு வந்துச்சுன்னா, தங்கச்சி ஊரு என்ன ஆகுமோன்னு மலைக்கவேண்டாம், உள்ளதச் சொல்லட்டும்" என்றார் ஜெசிந்தா. "ஆனா ரெண்டு மாசம் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க. கொட்டகை போட நாள் வேணும்லா."